கோலி ஓடிய மூலை

கார் நிறுத்துவதற்கென்றே அப்பா போர்ட்டிகோ கட்டினார். கார்தான் வாங்கவில்லை. வீடு முடிந்தபோது கையிலிருந்ததும் முடிந்துவிட்டது. அவ்வளவு பெரிய இடத்தில் ஓர் ஓரமாக அவருடைய ஸ்கூட்டர், பந்தி தொடங்கும் முன்பே மண்டபத்துக்கு வந்துவிட்ட ஆளைப் போலக் கூச்சத்தோடு நிற்கும். கடைசியில் அங்கே வந்து சேர்ந்ததும் கார் இல்லை, ஒரு ஜீப்பின் எலும்புக்கூடு. அதைக் கிடத்துவதற்காக என் மாமா ஓர் இரும்பு மேசை செய்தார். ஸ்கூட்டர் தெருவுக்குப் போனது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கார் கம்பெனியில் வெல்டராக இருந்தவர். கம்பெனியை ஒருநாள் இழுத்து மூடியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிடுவார். டி.வி.யை நின்றுகொண்டு பார்ப்பார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் மிக்ஸியைப் பிரித்துச் சரி செய்தார். அதற்குப் பிறகு தலையில் ஒரு குட்டு வைத்தால்தான் அது ஓடியது. "மிக்ஸியே லூசுக்கா" என்றார். தன் தப்பு என்று ஒன்று அவர் அகராதியில் கிடையாது. பஸ்ஸைத் தவறவிட்டால் பஸ்ஸின் தப்பு. கேரம் போர்டில் என்னிடம் தோற்றால் பவுடரின் தப்பு.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சேலையூர் தாண்டி அகரம்தென் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, புதிதாகப் பிரித்த மனைகளில் ஒன்றை வாங்கி அப்பா அதைக் கட்டியிருந்தார். அம்மாவின் நகையெல்லாம் அந்த மண்ணுக்குள்தான் போயிருந்தது. அந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அப்பாவிடம் மட்டும் அதைச் சொல்லக் கூடாது. "ஏரி அந்தப் பக்கம். நம்ம மனை மேடு" என்பார். மழைக்காலத்தில் காம்பவுண்டுச் சுவர்மேல் நீர்க்கோழி வந்து நிற்கும். வழி தவறி வந்துவிட்டது என்பார். விடிய விடியத் தவளை கத்தும். தவளை எந்த ஊரில்தான் கத்தவில்லை என்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஹாலின் நடுவில் நின்று, வலது குதிகாலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்துக் காட்டுவார். "பாத்தீங்களா? கல்லு." வந்தவரும் மரியாதைக்கு ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் காபி குடிக்க வேண்டும்.

மாமா வந்த நாளிலிருந்து பல்லாவரத்து ஏஜென்ட் ஒருவர் போன் செய்துகொண்டே இருந்தார். மஸ்கட்டில் பைப் வெல்டிங் வேலை, சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிக்கெட் போட்டுவிடுவார். அந்த போன் மணி கேட்டாலே அம்மாவின் முகம் மாறிவிடும். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு அம்மாவின் பேச்சு ஆபீஸ்காரர் வீட்டுப் பேச்சாகியிருந்தது. தம்பியிடம் மட்டும் பிறந்து வளர்ந்த கடப்பேரிப் பேச்சு வந்துவிடும்.

"நீயும் பூட்டா எனக்குன்னு இங்க யார்டா கீறாங்க?"

"சொந்தமா ஒரு தொழில் செட் ஆயிட்சின்னா நான் இன்னாத்துக்குக்கா போறேன்? பொத்தேரி சார் ஜீப்பு மட்டும் நல்லபடியா வந்துரட்டும்" என்றார் மாமா.

பொத்தேரி சார் என்பவர் பொத்தேரியில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். அவருடைய பழைய ஜீப் லாரியில் மோதி, அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டுவிட்டது. சேஸிஸ் என்பார்கள் அதை. அதை நேராக்கிக் கொடுத்தால் தனக்குத் தெரிந்த வண்டிகளையெல்லாம் மாமாவிடம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். ஆக, அந்த ஜீப் நேரானால் மாமா எங்களோடு இருப்பார். ஆகாவிட்டால் மஸ்கட். எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னை இவ்வளவு கவலைப்படுத்திய ஜீப் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

முறுக்கிய சட்டத்தை நேராக்க, அதைவிட நேரான, அதைவிடக் கனமான ஒன்றோடு அதைப் பிணைக்க வேண்டுமாம். கம்பெனியில் அதற்கு மேசை தயாராக இருக்கும். இங்கே மேசையையே முதலில் செய்ய வேண்டும். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற ரோட்டில், மணல் லாரிகளை நிறுத்தி எடை போட்டுக்கொண்டிருந்த மேடை ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதன் இரும்பு உத்தரங்களை ஒரு குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார் மாமா. ஆபீசிலிருந்து வந்த அப்பா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மாப்ள இது?"

"டேபிள் மச்சான்."

"நம்ம வீட்ல டைனிங் டேபிளே இல்லையே."

"அது அப்புறம் பாத்துக்கலாம் மச்சான். இது தாங்குமே, யானையே வந்து சாப்ட்டாலும் தாங்கும்."

அறுப்பதும் தீப்பொறி பறப்பதுமாகச் சில நாட்கள் போயின. நான் பார்க்கக் கூடாது என்று கறுப்புக் கண்ணாடி போட்டு என்னைத் திருப்பி உட்கார வைத்திருப்பார். சுவரில் தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேசை எழுந்தது. ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு பெரிய போல்ட். அதைத் திருகினால் அந்தக் கால் ஏறும், இறங்கும். போர்ட்டிகோ தரையில் மழைத்தண்ணீர் ஓடக் கொத்தனார் வாட்டம் விட்டிருப்பார், அதை ஈடுகட்டத்தான் போல்ட் என்றார் மாமா. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். அதன் குமிழ் நடுவில் நின்றது. ஆனால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"இத்த பிளாட்பாரத்துல வாங்கனேன். பொய் சொன்னாலும் சொல்லும். பாப்பா, உன் கோலிய எடு."

என் கோலிகள் அம்மாவின் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தன. பெண் பிள்ளைக்கு எதற்குக் கோலி என்று அப்பா அதை இரண்டு முறை பறிமுதல் செய்திருக்கிறார். இப்போது அதற்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. மேசையின் நடுவில் ஒரு பச்சைக் கோலியை வைத்துக் கையை எடுத்தேன். அசையவில்லை. மாமா விசில் அடித்தார். அன்றிலிருந்து நான் சூப்பர்வைசர். காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, நான் கோலி வைத்துப் பார்த்துச் சரி என்றால்தான் வேலை நடக்கும். ஆயுத பூஜையன்று மேசைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து அம்மா பூசணிக்காய் உடைத்தாள். ஜீப்பின் சட்டம் வந்து மேசைமேல் படுத்தது. அப்பா கூட ஒருமுறை அந்த இரும்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்ட்ராங்காதான் இருக்கு" என்றார்.

பிறகு மழை பிடித்தது. அதோடு பிடித்தது சனியன்.

மாமா சாயங்காலம் குறுக்களவு எடுப்பார். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு, மறுபடி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. இரண்டும் ஒன்றாக இருக்கும். அங்கங்கே பொட்டு வைத்ததுபோல் வெல்டு வைத்து நிறுத்திவிட்டுத் தூங்கப் போவார். காலையில் பார்த்தால் அளவு மாறியிருக்கும். நான் கோலியை வைப்பேன். அது ஒரு கணம் யோசிக்கும். பிறகு பூஜை அறைச் சுவரை ஒட்டி நின்ற காலைப் பார்த்துக் கிளம்பிவிடும். மாமா அந்தக் காலின் போல்ட்டைத் திருகி உயர்த்துவார், வைத்த பொட்டுகளை அறுத்துவிட்டு மறுபடி வைப்பார். இரண்டு நாள் கோலி நிற்கும். நல்ல மழை ஒன்று பெய்தால் மறுபடி அதே கால்.

எனக்கு வகுப்பில் உட்கார முடியவில்லை. டீச்சர் பலகையில் கோடு போட்டால், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பேன். வீட்டுக்கு ஓடி வருவேன். மாமா போர்ட்டிகோவை அளந்துகொண்டு நடப்பார், ஸ்பேனரால் தூணைத் தட்டிக்கொண்டே. போன் அடிக்கும். "கொஞ்சம் பொறுண்ணே, சொல்றேன்" என்பார். உள்ளே அம்மா கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு நிற்பாள். இதற்கிடையில் அந்தக் காலுக்குப் பக்கத்தில் தரையில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. அப்பா உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தார்.

"உன் இரும்பு வெயிட்ல வந்தது மாப்ள இது. இந்தத் தரை கல்லு. இதையே விரிய வச்சுட்ட."

மாமா சண்டைக்கு நிற்காமல், விரிசல் போகிற திசையைக் குனிந்து பார்த்தார். அது அவர் வழக்கமில்லை.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது மாமா கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற நீளமான ஒரு பிளாஸ்டிக் ட்யூபில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பது அதில்தான். எவ்வளவு தூரத்தில் பிடித்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். என்னை ஹாலுக்குள் கூட்டிப் போய்ப் பூஜை அறை மூலையில் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மேசை வெளியே இருக்க, இங்கே எதற்கு என்று கேட்டேன். "பேசாத புடி" என்றார். சமையலறை வாசலில் அவர் மறுமுனையோடு நின்றார். தண்ணீர் ஆடி அடங்கியதும் இரண்டு பக்கமும் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டிலிருந்து தரைவரை டேப் பிடித்து அளந்தார். இங்கே வந்து அளந்தார். திரும்பப் போய் அங்கே அளந்தார்.

பிறகு உட்கார்ந்தார். மாமா உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை என்பதால் பயந்துபோனேன்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல பாப்பா, தல சுத்துது."

எழுந்திருக்கும்போது கட்டைவிரலில் எச்சிலைத் தொட்டு இரண்டு பென்சில் கோடுகளையும் தேய்த்து அழித்தார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டையும் அவர் உட்கார்ந்தேதான் சாப்பிட்டார். உடம்பு சரியில்லை என்று முடிவு செய்து என் பங்கு அப்பளத்தை அவருக்குக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொத்தேரி சார் வந்தார். வெளியே தூறல். நான் ஹாலில் குப்புறப் படுத்துக் கோலி விளையாடிக்கொண்டிருந்தேன். போர்ட்டிகோவில் பேசுவது நன்றாகக் கேட்டது.

"என்னப்பா, தீபாவளிக்கு முன்னாடியே முடிச்சுடுவேன்னு சொன்னியே?"

"அளவு நிக்க மாட்டேங்குது சார். பேஜாரா கீது. சாயங்காலம் வச்சா காலைல மாறிடுது."

"டேபிளே கோணல் சார்" என்றார் அப்பா. "பழைய இரும்பு. லாரி ஏறி ஏறி வளைஞ்சது. நான் சொன்னா கேக்கலை. பாருங்க, இது வெயிட்ல தரையே விரிஞ்சுடுச்சு."

மாமாவின் குரல் ஏறியது. "டேபிள் மேல ஒரு தப்பும் இல்ல மச்சான்."

"அப்ப எது மேல தப்பு?"

"தரை..."

"தரையா? சார், நீங்க உள்ள வாங்க. தரையைப் பத்தி நான் காட்டறேன், வாங்க."

அப்பா பொத்தேரி சாரை ஹாலின் நடுவுக்கு அழைத்து வந்தார். மாமா பின்னாலேயே வந்தார். அப்பா வலது காலைத் தூக்கினார்.

அந்த நேரம்தான் என் தலையில் விளக்கு எரிந்தது. காலையிலிருந்து கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தும் நான் யோசித்துப் பார்க்காத விஷயம். துள்ளி எழுந்தேன்.

"மாமா! இங்க வச்சாலும் கோலி அதே மூலைக்குத்தான் ஓடுது! நம்ம டேபிள் மேல தப்பே இல்ல! பாருங்க சார்!"

ஹாலின் நடுவில் பச்சைக் கோலியை வைத்துக் கையை எடுத்தேன். அது அவசரப்படாமல் புறப்பட்டு, எல்லோருடைய கால்களுக்கும் நடுவே உருண்டு, பூஜை அறை மூலைக்குப் போய்ச் சுவரில் டொக் என்று இடித்து நின்றது. மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. மேசை நேரானது. மாமா கெட்டிக்காரர். இனி எந்த மஸ்கட்டும் கிடையாது.

யாரும் கை தட்டவில்லை. அப்பாவின் கால் தூக்கியது தூக்கியபடியே இருந்தது. அவர் தரையைப் பார்க்கவில்லை, மாமாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் முகம் அவ்வளவு சிறுத்துப்போய் நான் பார்த்ததில்லை. சமையலறை வாசலில் அம்மா காபித் தட்டோடு நின்றாள். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தாள். தலையைக் கூட ஆட்டவில்லை, வெறுமனே பார்த்தாள். வந்த மனிதர் முன்னால் தம்பி சண்டை போடுகிறானே என்ற கோபம் அவளுக்கு என்று நினைத்தேன்.

மாமா குனிந்து கோலியை எடுத்தார். சிரித்தார்.

"அய்ய, இது வாட்டம் பாப்பா. வூடு கழுவி வுட்டா தண்ணி ஓட வாணாமா? அதுக்குக் கொத்தனார் வச்சது." பிறகு பொத்தேரி சாரிடம் திரும்பினார். "டேபிள்தான் சார் தப்பு. அளவெடுக்கும்போதே நான்தான் சொதப்பிட்டேன். மன்னிச்சுக்குங்க. சட்டத்த வேற எங்கனா குடுத்துப் பாத்துக்குங்க."

பொத்தேரி சார் வாசலை ஒருமுறை பார்த்தார். பூஜை அறை மூலையை ஒருமுறை பார்த்தார். பிறகு, "காபி வாசனை ஆளைத் தூக்குது" என்றார். அப்பா காலை மெதுவாகக் கீழே வைத்தார். மிதிக்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன் மாப்ள" என்றார், ஆனால் குரல் எழும்பவேயில்லை. மாமாவின் தோளில் கையை வைத்தார், எடுக்கவும் மறந்துபோனார். அதன் பிறகு எந்த விருந்தாளிக்காகவும் அப்பா தரையை மிதித்துக் காட்டவில்லை. குதிகாலில் வலி போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீப்பின் சட்டத்தை மறுநாளே வந்து எடுத்துப் போனார்கள். அடுத்த முறை போன் அடித்தபோது மாமா, "சரிண்ணே, போட்ருங்க" என்றார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. வாழ்க்கையில் ஒரு தப்பையும் ஒத்துக்கொள்ளாத மனிதர், சரியாகச் செய்த ஒரே ஒரு காரியத்தைப் போய்த் தப்பு என்று ஒத்துக்கொண்டாரே! கிளம்பும் நாள்வரை அவரோடு பேசவில்லை. அவர் மட்டும் பேசினார். மஸ்கட்டிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் முதலில் கேட்பது, "சூப்பர்வைசர் மேடம், கோலி இன்னா சொல்லுது?" என்பதுதான். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

போன வருடம் எங்கள் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். எங்கள் பக்கத்தில் இப்போது அது சகஜம். வேலை தொடங்கும் முன் தண்ணீர் ட்யூபோடு வந்த என்ஜினியர் ஹாலில் மட்டம் பார்த்துவிட்டு, பூஜை அறை மூலை நான்கு விரல் இறங்கியிருக்கிறது, இது இன்று நேற்று ஆரம்பித்ததில்லை என்றார். அப்பா தலையை ஆட்டினார். ஆச்சரியப்படவில்லை. போர்ட்டிகோவில் துணி காய்ந்துகொண்டிருந்த மேசையைப் பார்த்து, யார் செய்தது, நன்றாகச் செய்திருக்கிறார்களே என்று அந்த என்ஜினியர் கேட்டதற்கும் அப்பாதான் பதில் சொன்னார். "என் மச்சான்."

அன்றைக்கு எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது மாமா ஊருக்குப் போன வாரம். அவர் கிளம்பியது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைதான் அம்மா வீடு கழுவும் நாள். ஆனால் ஒருவர் ஊருக்குப் புறப்பட்ட அன்று வீட்டைக் கழுவக் கூடாது, போனவர் திரும்பி வரமாட்டார் என்பார்கள். அதனால் சனிக்கிழமை கழுவினாள். நான் கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வாளித் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் வாசலுக்குப் போகாமல் பூஜை அறை மூலைக்கு ஓடிக் குளம் கட்டியது. அவள் அங்கே போய், இடுப்பை வளைத்து, தென்னந்துடைப்பத்தால் அதை வாசலை நோக்கித் தள்ளினாள். பாதித் தண்ணீர் அவள் காலைச் சுற்றிக்கொண்டு திரும்ப வந்தது. மறுபடி தள்ளினாள். எனக்கு நினைவு தெரிந்த நாளாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தாள். வீடு கழுவுவது என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

கட்டிலிலிருந்து இறங்கிப் பக்கத்தில் போனேன். அம்மாவின் முகம் நனைந்திருந்தது. தண்ணீர் தெறித்திருக்கும்.

"ஏம்மா, மாமா வாட்டம்னு சொன்னாரே, அப்ப தண்ணி தானா வெளில போகணும்தானே?"

அம்மா நிமிரவில்லை. "கால் நனையுது பாரு, தள்ளி நில்லு" என்றாள். நான் தள்ளி நின்றேன்.